ஒரு வாய்க்கு ஆறு விமானம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு தம்பிக்குப் பதில் எழுதும்போது, ஏ.டி.சி., அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சியில் விமானி மாதிரிப் பேசுகிற சிமுலேட்டர் ஆபரேட்டர்களைப் பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் பழக்கியவள். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலும் நம்ம கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் கடிதங்கள். கல்விக்கடன் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

என் மகள் ஒரு பயிற்சி மையத்தில் சிமுலேட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்திருக்கிறாள். "ஏ.சி. ரூமில் உட்கார்ந்து மைக்கில் பேசற வேலை, இதிலென்ன கஷ்டம்" என்கிறார் அவள் அப்பா. ஆனால் வீட்டுக்கு வந்தால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிடுகிறாள். அப்படி என்ன பாரம் அதில்?
– ஒரு தாய், கொல்லங்கோடு

இதை அவள் அப்பாவிடமே வாசிக்கக் கொடுத்துவிடுங்கள் சேச்சி.

பயிற்சிக் கூடத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் கன்ட்ரோலர் ஆகப் படிக்கும் பிள்ளை, ரேடார் திரை முன்னால். தடுப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் மகள். திரையில் நகர்கிற விமானங்களில் தன் பங்குக்கு வந்தவற்றை அவள்தான் ஓட்டுகிறாள், அவற்றின் விமானிகளாகவும் அவள்தான் பேசுகிறாள். சூடோ பைலட் என்று சொல்வார்கள்.

படிக்கும் பிள்ளை சொல்கிறான்: "ஐஃப்ளை சிக்ஸ் டூ ஃபோர், டர்ன் லெஃப்ட் ஹெடிங் டூ சிக்ஸ் ஜீரோ, டிசெண்ட் டு ஃபோர் தௌசண்ட் ஃபீட், ரெட்யூஸ் ஸ்பீட் ஒன் எய்ட் ஜீரோ." ஐஃப்ளை என்றால் ரேடியோவில் இண்டிகோ. இடப்பக்கம் 260 டிகிரி திசைக்குத் திரும்பு, 4,000 அடிக்கு இறங்கு, வேகத்தை 180 நாட்டுக்குக் குறை என்று அர்த்தம். இதைக் கேட்ட அந்த ஐந்து நொடியில் உங்கள் மகள் என்ன செய்ய வேண்டும்? தன்னிடம் இருக்கும் ஆறு விமானத்தில் இது எது என்று கண்டுபிடிக்கணும். மூன்று எண்ணையும் மனதில் பிடிக்கணும். அவன் சொன்ன வரிசையிலேயே, தப்பில்லாமல் திருப்பிச் சொல்லணும். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் அந்த மூன்றையும் கணினியில் உள்ளிடணும். சொன்னதும் உள்ளிட்டதும் ஒன்றாக இருக்கணும். முடிவதற்குள் இன்னொரு விமானம் பத்து மைலில் இருப்பதாகத் தானாகக் கூப்பிடும் நேரம் வந்திருக்கும், அதற்கும் அவள்தான் வாய். இதற்குள் பயிற்சியாளர் பக்கத்தில் வந்து "மூணாவது விமானத்துக்கு இன்ஜின் கோளாறு கொடு" என்று காதில் சொல்லிவிட்டுப் போவார்.

நிஜ விமானத்தில் ஒரு விமானத்துக்கு இரண்டு பேர். ஒருத்தர் ஓட்டுவார், ஒருத்தர் ரேடியோ பார்ப்பார். ஆறு விமானத்தில் பன்னிரண்டு பேர் செய்வதில் பேச்சும் திருப்பமும் உங்கள் மகள் தலையில்.

நம்ம பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். திரைக்குப் பின்னால் விளக்கு வரிசை, பாவையை அசைத்துக்கொண்டே அதன் பேச்சையும் பேசுவார்கள், கம்பராமாயணப் பாட்டும் வரும். இந்த வேலையும் அதுதான். ஒரு வித்தியாசம், கூத்துக்காரருக்கு அடுத்த பாட்டு என்னவென்று தெரியும். உங்கள் மகளுக்கு, எதிர்ப்பக்கத்துப் பிள்ளை அடுத்து என்ன சொல்வான் என்று தெரியாது. அவனுக்கே தெரியாது, பயிற்சிதானே.

இதில் பலருக்குத் தெரியாத பாரம் குரல். சர்வதேச விதியில் ரேடியோப் பேச்சு நிமிடத்துக்கு 100 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது, ஒரே சீராக இருக்கணும் என்று எழுதியிருக்கிறது. சீராகப் பேசுவது என்பது மணிக்கணக்கில் தொண்டையைப் பிடித்து நிறுத்துவது. இதோடு ஆறு விமானமும் ஒரே குரலில் பேசினால் படிக்கிறவனுக்கு அது நிஜமாகத் தெரியாது என்று நல்ல ஆபரேட்டர்கள் குரலை மாற்றிப் பேசுவார்கள். ஒன்று சாவகாசமாக, ஒன்று அவசரமாக, ஒன்று மூக்கால். நாள் முழுக்க அப்படிப் பேசியவள் வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்தால் அது கோபமில்லை. சீரகத் தண்ணியோ பதிமுகத் தண்ணியோ வெதுவெதுப்பாகக் கொடுங்கள், முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். "இன்னிக்கு என்ன ஆச்சு" என்ற கேள்வி ராத்திரி சாப்பாட்டுக்கு மேல்.

ஒரு ஆபரேட்டர் அதிகபட்சம் எத்தனை விமானம் வைத்துக்கொள்ளலாம்? இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?
– சித்தூர் வாசகர் (தபால் முத்திரையைப் பார்த்தேன், பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரச் சித்தூர் இல்லை)

விமானத்தை எண்ணினால் கணக்குத் தப்பும். பேச்சை எண்ணணும்.

ஏரியா கன்ட்ரோல் பயிற்சி என்றால் விமானங்கள் உயரத்தில் நேர்கோட்டில் போகும். உள்ளே வந்ததும் ஒரு பேச்சு, நடுவில் ஒன்றிரண்டு, போகும்போது ஒரு பேச்சு. அங்கே பத்து விமானம் இருந்தாலும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்ரோச் என்றால், இறங்கவரும் விமானத்துக்குத் திருப்பம், உயரம், வேகம் என்று விடாமல் கட்டளை வரும். அங்கே நாலு விமானமே ஏரியாவின் பத்தைவிட கனம். டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரப் பயிற்சி இன்னொரு வகை. அங்கே தரையில் ஓடுகிற வண்டி, விமானத்தைப் பின்னால் தள்ளுகிற புஷ்பேக் டிராக்டர், ஓடுபாதையில் நாய் விரட்டப் போன ஜீப் எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கணும்.

நான் ஆள் பழக்கியபோது வைத்திருந்த கணக்கு எளிது. ஒரு கட்டளையும் அதைத் திருப்பிச் சொல்கிற ரீட்பேக்கும் சேர்ந்தால் ஏறக்குறைய பத்து நொடி. அப்போது ஒரு நிமிடத்துக்கு ஆறு பரிமாற்றம்தான் அலைவரிசை தாங்கும், அதுவும் நடுவில் இடைவெளியே விடாமல். அப்ரோச்சில் நெரிசல் நேரத்தில் ஆறு விமானத்துக்கும் நிமிடத்துக்கு ஒரு கட்டளை என்று வைத்தால் வாய்க்கு ஓய்வே கிடையாது, விரல் எப்போது உள்ளிடும்? ஆகவே அப்ரோச்சில் ஒரு ஆளுக்கு நாலு, பழகிய கைக்கு ஐந்து, அதற்கு மேல் போனால் இன்னொரு ஆபரேட்டர். இது என் கணக்கு, சட்டம் இல்லை.

விமான எண்ணிக்கையைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆள் பற்றாக்குறை என்று ஒரே ஆபரேட்டரை இரண்டு அலைவரிசையில் உட்காரவைப்பது. ஒரு காதில் டவர், ஒரு காதில் அப்ரோச். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், எந்தப் பக்கம் "ஸ்டாண்ட்பை" (கொஞ்சம் பொறுங்கள்) சொன்னாலும் அங்கே பயிற்சி கெடும். மூன்று விமானம்தானே என்று மேலாளர் சொல்வார். மூன்று விமானம்தான், ஆனால் காது ஒன்றுக்கு ஒரு உலகம்.

வேலைப் பளுவை அளக்க வழியே இல்லையா என்றால், உண்டு. நாசாவில் உருவாக்கி 1988-ல் வெளிவந்த டி.எல்.எக்ஸ். என்ற கேள்வித்தாள் இருக்கிறது. மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, எவ்வளவு நன்றாகச் செய்தோம், எவ்வளவு முயற்சி, எவ்வளவு எரிச்சல் என்று ஆறு கேள்வி. பயிற்சி ஓடும்போதே ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும் முறையும் உண்டு. இதையெல்லாம் கன்ட்ரோலர் பக்கத்தில் கொடுத்து நிரப்பச் சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் அந்தத் தாள் வந்து நான் பார்த்ததில்லை. ஆபரேட்டரை சிமுலேட்டரின் ஒரு உதிரிபாகமாக நினைக்கும் பழக்கம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

நான் ஏ.டி.சி. பயிற்சியில் இருக்கிறேன். போன வாரம் அப்ரோச் பயிற்சியில் ஒரு விமானத்தைத் திருப்பச் சொன்னேன், அது தாமதமாகத் திரும்பியது. முன்னால் போன விமானத்தோடு இடைவெளி குறைந்துபோய் எனக்கு மார்க் குறைத்துவிட்டார்கள். தப்பு ஆபரேட்டருடையது. இதைச் சொல்லலாமா, சொன்னால் சாக்கு என்று நினைப்பார்களா அக்கா?
– ஒரு மாணவர், வாளையார்

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம், கோபம் பிறகு.

240 நாட், அதாவது மணிக்கு 240 நாட்டிகல் மைல் தரைவேகத்தில் போகிற விமானம் நிமிடத்துக்கு 4 நாட்டிகல் மைல் போகும். கால் நிமிடம், அதாவது 15 நொடி தாமதம் என்றால் 1 மைல். அப்ரோச்சில் ரேடார் இடைவெளி 3 மைல் என்று வைத்துப் பயிற்சி செய்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தாமதத்திலேயே போய்விட்டது. திருப்பமும் உடனே முடிவதில்லை. நொடிக்கு 3 டிகிரி வீதம் திரும்பினால் 90 டிகிரிக்கு அரை நிமிடம் ஆகும். ஆக ஆபரேட்டர் கை பத்துப் பதினைந்து நொடி பிந்தினால் மார்க் போகும், உண்மைதான்.

ஆனால் அந்தக் கை ஏன் பிந்தியது? உன் திரையில் நெரிசல் கூடுகிற அதே நிமிடத்தில்தான் அவர் திரையிலும் கூடுகிறது. நீ பதறிப்போய் மூச்சுவிடாமல் ஐந்து விமானத்துக்குக் கட்டளை கொட்டினால், ஐந்தும் பெரும்பாலும் ஒரே ஆள் கையில் வரிசையாய் நிற்கும். ஐந்தாவது விமானம் திரும்பும்போது பிந்தியிருக்கும். உன் பளு அவர் பளு ஆகிறது, அவர் தாமதம் மறுபடி உன் பளு ஆகிறது. பயிற்சிப்பாடம் எழுதுகிறவர்கள் இந்த வட்டத்தைப் பார்த்து எழுதணும். "மாணவனை 25-வது நிமிடத்தில் நெருக்கணும்" என்று எழுதுவார்கள், அந்த நிமிடத்தில் ஆபரேட்டருக்கு எத்தனை கட்டளை போகும் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அப்போது நீ வாங்கிய மார்க் உன் திறமைக்கா, ஆபரேட்டர் விரலுக்கா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு இந்தத் தொழிலில் இருக்கும் பெரிய மனக்குறையே இதுதான்.

சரி, நீ செய்ய வேண்டியது. இப்போதைய சிமுலேட்டர்களில் பயிற்சி முழுவதும் பதிவாகும், குரலும் ரேடாரும் சேர்த்தே திரும்ப ஓட்டலாம். பயிற்சியாளரிடம் "தப்பு அவருடையது" என்று ஆரம்பிக்காதே. "அந்த இடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா சார், நான் சொன்ன நேரத்துக்கும் விமானம் திரும்பிய நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று கேள். நியாயமான பயிற்சியாளர் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்று நாலு நொடிதான் வித்தியாசம் என்று வந்தால் வாயை மூடிக்கொள், அது நிஜ விமானியும் எடுத்துக்கொள்ளும் நேரம்.

இன்னொன்று. ஒரே மூச்சில் மூன்று கட்டளை கொடுக்காதே. ஹெடிங், உயரம், வேகம் மூன்றும் எண்கள். 180 என்பது ஹெடிங்காகவும் இருக்கலாம், வேகமாகவும் இருக்கலாம், 18,000 அடியைக் குறிக்கும் விமான மட்டமாகவும் இருக்கலாம். கேட்கிறவர் நல்ல ஆபரேட்டராக இருந்தாலும் சரி, கோயமுத்தூருக்கு இறங்கிக்கொண்டிருக்கிற நிஜ விமானியாக இருந்தாலும் சரி, மூன்றாவது எண்ணில்தான் தடுமாறுவார்கள். கோயமுத்தூர் என்றதும் ஞாபகம் வருகிறது, ஆடிக் காற்று நம்ம கணவாய்க்குள் புகுந்து அந்தப் பக்கம் வீசும் நாட்களில் காற்றோடு போகிற விமானத்தின் தரைவேகம் கூடிவிடும். சிமுலேட்டரிலும் காற்றைப் போட்டு வைத்திருப்பார்கள். போன வாரம் உன் பயிற்சியில் காற்று என்ன போட்டிருந்தார்கள் என்று பார்த்தாயா? எழுதவில்லையே.

விமானம் ஏறப் பயமா உங்களுக்கு? இவ்வளவு தெரிந்தவர்களுக்குப் பயம் அதிகம் என்பார்களே.
– கோபாலபுரம் வாசகர்

பஸ்ஸில் ஏறத்தான் பயம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி பஸ்.

ஆபரேட்டர்கள் வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்வார்கள் என்று என் நண்பன் சொல்கிறான். பாவம், படிக்கிற பிள்ளைகளை ஏன் ஏமாற்றணும்?
– நகரி வாசகர்

ஏமாற்றுவதில்லை, பழக்குகிறார்கள். விமானி திருப்பிச் சொல்வதை கன்ட்ரோலர் காதுகொடுத்துக் கேட்டு, தப்பு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். அதைக் கேட்காமல் அடுத்த விமானத்துக்குப் போய்விடும் பழக்கம் எல்லாருக்கும் வரும். அதனால் எட்டாயிரம் என்று சொன்னதை ஒன்பதாயிரம் என்று ஆபரேட்டர் திருப்பிச் சொல்லணும், பிள்ளை பிடிக்கிறானா என்று பார்க்க.

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கே கோபுரமும் இன்னொரு விமானமும் ஒரே நேரத்தில் பேசியதில், புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்துக்குள் கீச்சென்ற ஒலிதான் கேட்டது, முக்கியமான செய்தி அதில் அமுங்கிப்போனது. நம் நாட்டில் 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. இறங்கிவந்த கஜகஸ்தான் விமானம் நிற்க வேண்டிய 15,000 அடியில் நிற்காமல் கீழே வந்தது, 14,000 அடியில் போய்க்கொண்டிருந்த சவுதி விமானத்தோடு மோதியது. 349 பேர். அந்த மாதிரி நிமிடங்களைத்தான் ஆபரேட்டர் பொய்யாக உண்டாக்கிக் காட்டுகிறார்.

இதில் ஆபரேட்டருக்கு என்ன பளு என்றால், கை வாய் இரண்டும் சரியாகச் செய்யப் பழகியவை. "18-வது நிமிடத்தில் இந்த விமானத்துக்கு மட்டும் தப்பாகச் சொல்" என்பதை, மற்ற ஐந்தையும் சரியாக ஓட்டிக்கொண்டே நினைவில் வைத்திருக்கணும். நெரிசலில் மறந்துபோய்ச் சரியாகச் சொல்லிவிடுவார்கள், பயிற்சியாளர் முறைப்பார். சரியாகச் செய்ததற்குத் திட்டு வாங்குகிற வேலை வேறு எங்கேயாவது உண்டா தெரியவில்லை. இந்தக் குறிப்புகளை ஒரு துண்டுச் சீட்டில் நிமிட வாரியாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது ஒன்றுதான் வழி. எழுதிக் கொடுக்காமல் வாயால் சொல்லிவிட்டுப் போகிற பயிற்சியாளரிடம் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

கணினியே பேச்சைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிற காலம். இந்த வேலைக்கு என் தங்கை போகலாமா? என்ன படித்திருக்கணும்?
– வேலந்தாவளம் வாசகர்

பேச்சறியும் மென்பொருள் சிமுலேட்டருக்குள் எப்போதோ வந்துவிட்டது. அமெரிக்காவில் கோபுரப் பயிற்சி சிமுலேட்டர்களில் பல வருடமாக இருக்கிறது. ஏ.டி.சி. பேச்சு அதற்கு வசதியானதும்கூட, வார்த்தைகள் குறைவு, வரிசை நிலையானது. மாணவர்கள் தனியாக உட்கார்ந்து பழக அது நல்ல வசதி, ஆபரேட்டருக்குப் போகிற சில்லறைப் பளுவையும் குறைக்கும். ஆனால் புது மாணவன் விதிப்படியா பேசுகிறான்? பாதியில் நிறுத்துவான், திருத்துவான், "அது இல்ல, அந்த இன்னொரு பிளைட்" என்பான். மனிதர் புரிந்துகொள்வார், மென்பொருள் "சே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்கள்) சொல்லும். அவசர நிலைப் பயிற்சியில் விமானியின் பதற்றத்தைக் குரலில் காட்டவும் ஆள் வேண்டும். ஆகவே வேலை மொத்தமாகப் போகாது, ஆட்கள் எண்ணிக்கை குறையும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் தங்கை இயற்பியலும் கணிதமும் எடுத்து பி.எஸ்ஸி. முடித்தவர் அல்லது பொறியியல் படித்தவர் என்றால், இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்சிகியூட்டிவ் ஏ.டி.சி. தேர்வை முதலில் எழுதட்டும். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27 என்று அறிவிப்பில் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வானவர்களுக்கு பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) பம்ரௌலியில் 1948 முதல் நடக்கிற பயிற்சிக் கல்லூரி உட்படச் சில இடங்களில் பயிற்சி. ஆபரேட்டர் வேலைக்குத் தனித் தேர்வு என்று பொதுவாக ஒன்று இல்லை, மையத்துக்கு மையம் மாறும். சில இடங்களில் மாணவர்களே மாறி மாறி உட்காருவார்கள். அது நல்ல பழக்கம், அந்த நாற்காலியில் உட்கார்ந்த கன்ட்ரோலர் பிறகு ஒரே மூச்சில் மூன்று கட்டளை கொடுக்க மாட்டார்.

நான் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். ஒரு பயிற்சி முடிந்து அடுத்தது தொடங்க நடுவில் இருக்கும் நேரமே உங்களுக்கு ஓய்வு என்கிறது எங்கள் நிர்வாகம். எனக்கு அது ஓய்வாகத் தெரியவில்லை. என்ன கேட்கலாம்?
– பெயர் வேண்டாம், தத்தமங்கலம்

ஓய்வு இல்லைதான் அம்மிணி. அந்த நேரத்தில் மாணவனும் பயிற்சியாளரும் உட்கார்ந்து நடந்ததைப் பேசுவார்கள். நீங்கள் அடுத்த பயிற்சியை ஏற்றணும், விமானப் பெயர்களைச் சரிபார்க்கணும், சில சமயம் "அந்த விமானம் ஏன் லேட்டாகத் திரும்பியது" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்லணும்.

சம்பளம் கூட்டச் சொல்லி ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். முதலில் பயிற்சிப்பாடத்தை முந்தின நாளே கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் யார் முதலில் கூப்பிடுவார், எங்கே அவசர நிலை வரும் என்று தெரிந்தாலே பளு பெருமளவு குறையும், அதற்கு அவர்களுக்குச் செலவும் இல்லை. அடுத்து, அப்ரோச் முடிந்ததும் அதே ஆளுக்கு மறுபடி அப்ரோச் போடாமல் ஏரியாவோ டவரோ மாற்றிப் போடச் சொல்லுங்கள். நெரிசல் பாடங்களுக்கு மட்டும் இரண்டாவது ஆபரேட்டர். நாள் முழுக்கக் கேட்டால் தரமாட்டார்கள், அந்த அரைமணிக்குக் கேட்டால் தருவார்கள்.

அதற்குமுன் ஒரு வாரம், ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அந்தப் பாடத்தின் பெயரையும் உங்களுக்கு எந்த நிமிடத்தில் கை பிந்தியது என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மாணவர்களுக்கு மார்க் போன நிமிடங்களோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், நிர்வாகத்திடம் அவரே பேசுவார். நோட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நகல் எடுத்துக் கொடுங்கள்.